பழைய திண்ணையும் புதிய முறையும்

கல்வியைக் குறித்து நம்மவர் பேசத் தொடங்கினால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவதை நாம் நெடுநாளாகக் கவனித்து வருகிறோம். ஒரு கட்சியார், "அந்தக் காலத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெட்டுருவாய் ஒப்பித்தார்கள், வாய்க்கணக்கிலேயே வியாபாரம் நடத்தினார்கள், இந்தக் காலத்துப் பிள்ளையிடம் பதினாறாம் வாய்பாடு கேட்டால் கையிலுள்ள கருவியைத் தேடுகிறான்" என்று பெருமூச்செறிவர். மற்றக் கட்சியார், "நெட்டுருவே மூடத்தனம், பிரம்பும் ஓலையும் ஒழிந்ததே நம் பாக்கியம், விளையாட்டும் செய்கையுமே உண்மைக் கல்வி" என்று முழங்குவர். தேநீர்க் கடையிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், கலியாணப் பந்தலிலும் இவ்வழக்கு ஓயாமல் நடைபெற்று வருகிறது. தீர்ப்பு மட்டும் கிடைத்தபாடில்லை.

தீர்ப்புக் கிடையாமைக்குக் காரணம், இரு கட்சியாரும் சாட்சிகளை விசாரியாமலே வாதிடுவதுதான் என்பது நமது அபிப்பிராயம். கணக்குப் புத்தகத்தோடு பழகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதி, அடியில் மீதத்தைப் பார்ப்போம். அவ்வாறே பழைய திண்ணைப் பள்ளியையும், அதற்குப் பின் வந்த சீர்திருத்த முறைகளையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வாசகர்கள் பொறுமையுடன் உடன் வருவார்களாக.

திண்ணையில் நடந்தது யாது?

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது ஓர் உபாத்தியாயர், ஒரு திண்ணை, சிறிது மணல் ஆகிய இவ்வளவே. அரசாங்கக் கட்டடம் இல்லை; பரீட்சை அதிகாரி இல்லை. விஜயதசமியன்று பிள்ளையைப் பள்ளியில் வைப்பார்கள். உபாத்தியாயர் மணலில் எழுத்தை வரைவார். பிள்ளை அதன்மேல் விரலோட்டிக்கொண்டே அவ்வெழுத்தின் பெயரை உரக்கச் சொல்லுவான். கை, கண், வாய், செவி ஆகிய நான்கும் ஒரே வேளையில் ஒரே எழுத்தில் ஈடுபடும். எழுத்துப் பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அரிச்சுவடி, எண்சுவடி, பின்னர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி போன்ற நீதி நூல்கள், மேலே செல்வோர்க்கு நிகண்டும் சதகங்களும் என்று பாடம் படிப்படியாக ஏறும்.

இம்முறையின் உயிர்நாடி சட்டாம்பிள்ளை என்பவன். மூத்த மாணவனாகிய இவனே இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான், ஒப்பிக்கக் கேட்பான். ஒருவன் முன்சொல்ல ஏனையோர் பின்சொல்லுவர். ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்து அவரவர் பாடத்தை அவரவர் வேகத்தில் கற்றனர். வகுப்பு என்னும் பிரிவினையே அங்கு இல்லை.

1855இல் பிறந்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் கல்வியை 'என் சரித்திரம்' என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1950இல் புத்தகமான அந்நூல் திண்ணைப் பள்ளிக்கு நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சாட்சிகளுள் ஒன்று. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குப் பூ, பறவை முதலியவற்றுள் ஒன்றன் பெயரைச் சொல்லி அனுப்பி, மறுநாள் அதை நினைவாகச் சொல்லச் செய்யும் வழக்கத்தை அங்கே காண்கிறோம். ஞாபக சக்தியை வளர்க்கும் முறை இது. உலகத்துப் பொருள்களின் பெயர்களையும் உடன்வைத்துக் கற்பிப்பது. இதை இகழ்வதற்கு யாதும் இல்லை.

ஆயினும் செலவுப் பக்கத்தையும் எழுதத்தானே வேண்டும்? பொழுது விடியுமுன் பிள்ளைகள் வந்து சேர வேண்டும். முதலில் வந்தவனைப் பிரம்பு மெல்லத் தொடும். பின்னே வருபவர்க்கு வரிசைப்படி அடி கூடிக்கொண்டே போகும். குற்றம் பெரிதானால் கோதண்டம்: மேலே கட்டிய கயிற்றைப் பற்றித் தொங்க வேண்டும். 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியை மாட்டோடு நிறுத்தாமல் மனிதக் குழந்தைக்கும் சேர்த்துக்கொண்ட கொடுமை அது. பழமையைப் புகழ்வோர் இந்தப் பக்கத்தைத் திருப்புவதேயில்லை.

சென்னையினின்று இலண்டனுக்கு

இனி, நம்மவர் பலர் அறியாத ஒரு செய்தியைக் கூறுவோம். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் இந்தியாவுக்கு வந்து, 1789 முதல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் இல்லத்தை மேற்பார்த்து வந்தார். அங்கிருந்த ஆசிரியர்களின் போதனை அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. அந்நிலையில், ஊர்ப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் மணல் பரப்பச் செய்தார். ஆசிரியர்கள் இதற்கு இணங்கி வாராமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கீழ் வகுப்புக்குப் போதகனாக அமர்த்தினார். ஜான் பிரிஸ்கன் என்னும் அச்சிறுவன் ஆசிரியரால் ஆகாததைச் செய்து காட்டினான். பெல் பாதிரியார் 1796இல் தாய்நாடு திரும்பி, மறு ஆண்டு இம்முறையைப் பற்றி ஒரு நூலை இலண்டனில் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798இல் இலண்டன் சௌத்வார்க்கில் தொடங்கிய பள்ளியும் இதனை ஒத்த முறையிலேயே வளர்ந்தது. 1811இல் ஏற்பட்ட தேசிய சங்கத்தார் பெல்லின் முறையையே தம் பள்ளிகளில் பரப்பினர். அம்முறைக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர் 'சென்னை முறை' என்பதாகும். பெல் பிறந்த ஊராகிய செயிண்ட் ஆண்ட்ரூசில் அவர் நன்கொடையால் 1833இல் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இதைப் படித்தவுடன் நம் பழமைக் கட்சியார் மார்தட்டிக் கொள்ளுவர். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். பெல்லும் லங்காஸ்டரும் இம்முறையை விரும்பியதற்கு முதற்காரணம் அது மலிவு என்பதே. ஓர் ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை அடக்கி வைத்துப் பாடம் சொல்லலாம் அன்றோ? பெல் தம் நூலின் பின்னைய பதிப்பொன்றில், உழைப்புக்கென்றே பிறந்த ஏழைகளின் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிக் கற்பித்தால் அவர்கள் தம் நிலையில் திருப்தியற்றுப் போவார்கள் என்னும் கருத்தையும் வெளியிட்டிருக்கிறார். ஆகவே சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்று செய்த வேலை, ஏழையை ஏழையின் இடத்திலேயே இருத்தி வைத்துச் சிறிது எழுத்தறிவு ஊட்டியதாகும். முறை நம்முடையது, நோக்கம் முதலாளியினுடையது.

பின்னர் 1810ஆம் ஆண்டுகளில் இதே முறை கிறிஸ்தவ சங்கத்தாரின் பள்ளிகள் வாயிலாக, இங்கிலாந்தின் புதுச் சீர்திருத்தம் என்னும் பட்டத்தோடு இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை இதுவே. பழமை என்றும் புதுமை என்றும் நாம் பிரித்து வைத்து மோதவிடும் இரண்டும், சரித்திரத்தில் ஒன்றினின்று ஒன்று பிறந்தவை என்பதை வாசகர்கள் மனத்தில் வைப்பார்களாக.

கணக்கெடுப்பும் அதன் பொருளும்

சென்னைக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெண்கள் மிகச் சிலரே பள்ளிக்கு வந்தமையால், ஆண்களை மட்டும் கொண்டு பார்த்தால் ஐந்நூறு பேருக்கு ஒன்று என்று கொள்ளலாம் என்றும் அவரே கணித்தார்.

1931இல் காந்தியடிகள் இலண்டனில் பேசுகையில், பிரிட்டிஷார் இந்நாட்டுக் கல்வி என்னும் அழகிய மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்து, அதை அப்படியே விட்டுவிட்டமையால் மரம் பட்டுப்போயிற்று என்னும் கருத்தைக் கூறினார். சர் பிலிப் ஹார்ட்டாக் என்பவர் அதை மறுத்து வாதிட்டார். பல்லாண்டுகளுக்குப் பின்னர் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளர் மன்றோவின் கணக்கெடுப்பு ஏடுகளைத் தேடி எடுத்து, 1983இல் 'அழகிய மரம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அந்நூலின் பெருமை பெரிது. பள்ளியில் அமர்ந்தவர் பார்ப்பனர் மட்டுமே என்று பலர் நம்பியிருந்த காலத்தில், தமிழ் மாவட்டங்களின் மாணவருள் பெரும்பான்மையோர் சூத்திரர் என்று குறிக்கப்பட்ட வகுப்புகளையும் பிற சாதிகளையும் சேர்ந்தவர் என்பதை அவர் சர்க்கார் ஏட்டைக் கொண்டே எடுத்துக் காட்டினார். சீர்திருத்தக் கட்சியினரும் இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு நூலை மதிப்பிடும்போது, அது சொல்லியதோடு அழுத்திச் சொல்லாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். ஆடல் மகளிர் குடியினர் போன்ற சிலர் நீங்கலாகப் பெண் குழந்தைகள் திண்ணையில் இல்லை. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணை இருந்த தெருவில் நடக்கவே உரிமையில்லாத ஊர்கள் பல. பின் திண்ணையில் ஏறுவது எங்ஙனம்? 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றருகே அம்மக்களின் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்ததே, அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் நிலைக்குப் போதிய சாட்சி. மரம் அழகியதுதான், அதன் நிழலில் யார் யார் அமர்ந்தனர் என்று எண்ணிப் பார்க்காமல் அழகை மட்டும் பாடுவது திறனாய்வு ஆகாது.

இது வெறும் பழங்கதை என்று எண்ண வேண்டா. கப்பலேறி இம்மலாய் நாட்டுக்கு வந்த நம் முன்னோருள் பலர், நிலமற்ற கூலிகளாய், அந்தத் திண்ணையில் ஏற இயலாத குடிகளில் பிறந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று "நம் பழைய கல்வியே கல்வி" என்று சொல்லும்போது, அந்த 'நம்' என்னும் சொல்லுக்குள் தம் பாட்டனார் அடங்கியிருந்தாரா என்று கேட்டுக்கொள்வது நலம்.

நெட்டுருவில் இரு வகை

திண்ணைப் பள்ளியின்மேல் சுமத்தப்படும் பெருங்குற்றம் நெட்டுரு. பல்லாரி கலெக்டர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கை இவ்விஷயத்தில் மிக நேர்மையானது. தெலுங்கும் கன்னடமும் வழங்கிய மாவட்டம் அது. அங்கே மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும், செலவின்றி எழுத்துப் பழக்கும் முறையையும் அவர் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் ஒப்புகிறார். உடனேயே, பாட நூல்களின் மொழி பேச்சு வழக்கினின்று விலகியது என்றும், ஆசிரியரிற் பலருக்கே அவற்றின் பொருள் தெரியாது என்றும், பிள்ளைகள் கிளிகளைப்போல் ஒப்பிக்கின்றனர் என்றும் குறைகூறுகிறார். புகழ்ச்சியையும் குறையையும் ஒரே அறிக்கையில் எழுதிய இவரிடம் நம் இரு கட்சியாரும் பாடம் கேட்கலாம்.

ஆயினும் எல்லா நெட்டுருவும் கிளிப்பேச்சு அன்று. எண்சுவடியை எடுத்துக்கொள்வோம். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. பின் அரைக்கால், கால், அரை, முக்கால். மாவும் காணியும் நிலத்தை அளக்கும் பெயர்களும் ஆம். பள்ளியில் வாய்பாடாகச் சொன்ன பின்னம், வயல் வரப்பிலும் களத்து மேட்டிலும் கடைத்தெருவிலும் அன்றாடம் கையாளப்பட்டது. இக்கணிதத்தை ஆராய்ந்து 2022இல் நூல் வெளியிட்ட செந்தில் பாபு, அப்பள்ளிகளில் நினைவு என்பது கல்வியின் துணைக்கருவியாக மட்டும் நில்லாமல், அதுவே கற்கும் வழியாக இருந்தது என்று காட்டுகிறார். நாம் சொல்லும் நெட்டுருவின் முதல் வகை இதுவே: ஊரின் தொழிலோடு ஒட்டியது.

இரண்டாவது வகை எப்பொழுது பிறந்தது? பரீட்சை அதிகாரி வந்தபொழுது. இங்கிலாந்தில் 1862இல், மாணவர் தேறிய அளவுக்குப் பள்ளிக்குப் பணம் என்னும் சட்டம் வந்தது. அதே தசாப்தத்தில் சென்னை மாகாணத்துக்கும் அவ்வழக்கம் பரவிற்று. அதிகாரி கேட்கப் போவதைப் பிள்ளை சொல்ல வேண்டும். சொன்னால் உபாத்தியாயருக்கு உதவித்தொகை. வயலும் கடையும் பாடத்தைவிட்டு நீங்கின. அதிகாரியின் கேள்வி மட்டும் எஞ்சிற்று. இவ்வுயிரற்ற நெட்டுருவைக் கொணர்ந்தது சீர்திருத்தமே அன்றித் திண்ணை அன்று. நம் நாட்டில் 1988 முதல் 2021இல் நீக்கப்படும் வரை நடந்த ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். பரீட்சைக்காகப் பிள்ளைகள் பழைய வினாத்தாள்களை மீண்டும் மீண்டும் எழுதித் தேய்ந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். திண்ணை மறைந்து பல தலைமுறையான பின்னும் நெட்டுரு மறையாத காரணம் இப்பொழுது விளங்கும்.

செய்கைக் கல்வியின் மறுபக்கம்

புதுமைக் கட்சியார் கொண்டாடும் செய்கைக் கல்விக்கும் இதேபோல் இரு பக்கங்கள் உண்டு. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலின் வாயிலாகக் கற்பிப்பதை வற்புறுத்தியது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிள்ளை தன் கையால் பொருள்களைத் தொட்டுக் கற்கும் முறையை ஆசிரியர்களுக்குப் போதித்தார். இவை சிறந்த கொள்கைகளே. ஆனால் கொள்கை சர்க்கார் உத்தரவாக மாறும்போது அது யாருக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

1953இல் சென்னை முதலமைச்சர் இராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாள்தோறும் மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் வீட்டாரின் தொழிலைப் பழகலாம் என்றார். இடம் போதாத பள்ளியில் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றும், உழைப்பும் கல்வியே என்றும் காரணங்கள் சொல்லப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் செய்கைக் கல்விக்கு இதனினும் மேலான உதாரணம் ஏது? ஆயினும் தோட்டியின் மகன் பிற்பகலில் என்ன பழகுவான், வண்ணாரின் மகள் என்ன பழகுவாள் என்று கேட்டவுடன் திட்டத்தின் சாயம் வெளுத்தது. பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டுக் கிளர்ச்சி செய்தார். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அவ்வாண்டே திட்டத்தைக் கைவிட்டார்.

இவ்வழக்கில் நாம் கற்கும் பாடம் யாது? நெட்டுருவை எதிர்க்கும் முறை என்பதனாலேயே ஒன்று முற்போக்கு ஆகிவிடாது. பெல் ஏழைப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளையைக் கொண்டு குறுங்கல்வி அளந்தார். 1953ஆம் ஆண்டுத் திட்டம் செய்கையைக் கொண்டு குறுங்கல்வி அளந்தது. ஒன்றில் மனப்பாடம், மற்றதில் கைத்தொழில். இரண்டிலும் பிள்ளை போய்ச் சேரும் இடம் ஒன்றே.

தோட்டத்துக் கொட்டகை

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்நாட்டில் தமிழ்க் கல்விக்கு 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியோடு சேர்ந்து தொடங்கிய வகுப்பை முதலாகக் கொள்ளுவர். 2016இல் இருநூற்றாண்டு விழாவும் எடுத்தோம். ஆனால் பால்மரக் காடுகளில் பள்ளி எழுந்தது சட்டத்தின் கட்டாயத்தால். மலாய் ஐக்கிய நாடுகளின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், பின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்ட முதலாளிகள் பள்ளி நடத்த வழி செய்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வேண்டும் என்பது விதி. விதி நிறைவேறிய விதம் வேறு. லயத்தின் கோடியில் ஓர் அறை, அல்லது ஒரு கொட்டகை. போதகர் பல இடங்களில் கங்காணி, அல்லது எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, அல்லது எம்மைப் போன்ற கிராணி. பகலெல்லாம் செக்ரோலில் பேர் எழுதும் கையே பள்ளியிலும் பலகையில் எழுத்தெழுதிற்று. பாடப் புத்தகமோ தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தது. காவேரியைப் பற்றிப் படித்த பிள்ளை தன் தோட்டத்தை அடுத்து ஓடும் ஆற்றின் பெயரைப் புத்தகத்தில் கண்டதில்லை.

அக்கொட்டகையில் நடந்தது எம்முறை? ஓர் ஆசிரியர், பல வகுப்பு, ஓர் அறை. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஆகவே அது திண்ணைப் பள்ளியே. ஆனால் எண்சுவடிக்கு இருந்த வயலும் களமும் இங்கே இல்லை. நிகண்டு வரை ஏறும் ஏணியும் இல்லை. மறுபுறம், சட்டத்தால் எழுந்த சீர்திருத்தப் பள்ளியும் அதுவே. ஆனால் பயின்ற ஆசிரியரும் இல்லை, கருவியும் இல்லை. பழமையின் ஆழமும் புதுமையின் வசதியும் ஆகிய இரண்டுமே இல்லாத பள்ளியில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றனர்.

எனினும் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதினால் நாமும் ஒருதலைப் பட்சமானவர்கள் ஆவோம். திண்ணை செய்யாத ஒரு காரியத்தை இக்கொட்டகை செய்தது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதுபோல் எல்லாச் சாதிப் பிள்ளையையும், காலம் செல்லச் செல்லப் பெண் பிள்ளையையும், ஒரே பாயில் உட்கார வைத்தது. முழு மனத்தோடு உடனே நடந்ததென்று கூறோம்; முணுமுணுப்பும் தகராறும் இருந்தன. ஆயினும் வாயில் திறந்தது.

திறந்த வாயிலுக்கு அப்பால் பாதை இல்லாதிருந்ததே பெருங்கேடு. தமிழ்ப் பள்ளி ஆரம்பக் கல்வியோடு நின்றது. மேலே செல்ல ஆங்கிலப் பள்ளி வேண்டும். அது பட்டணத்தில் இருந்தது, கட்டணத்தில் இருந்தது. ஆங்கிலவழிப் படிப்பினால் மேசையில் அமர்ந்து கணக்கெழுதும் நமக்கும், அதே வயதில் மரம் வெட்டச் சென்றவருக்கும் இடையே அறிவில் வித்தியாசம் இருந்ததாக நாம் கண்டதில்லை. ஒருவருக்குப் பேருந்துக் காசு இருந்தது, மற்றவருக்கு இல்லை. 1951இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளே வேண்டா என்னும் கருத்தைக் கொண்டது. 1956இன் ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப் பள்ளிகள் தேசிய மாதிரிப் பள்ளிகளாகி, சர்க்கார் உதவியும் பொதுப் பாடத்திட்டமும் பெற்றன. அப்படியும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பலருக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக நெடுங்காலம் சென்றது. அந்த ஓராண்டில் சலித்துப் படிப்பை விட்டவர்களை எந்தப் போதனா முறையின் வரவு செலவில் எழுதுவது?

இன்றைய சீர்திருத்தங்கள்

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுதும் பரவிற்று. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியார் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைத் தழுவியது அது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்வர். அட்டைகளைக் கொண்டு படிப்படியாக ஏறுவர். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் செல்வர். முன்னேறியவன் பின்தங்கியவனுக்கு உதவுவான். வாசகர்களே, இவ்வருணனையை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? கோதண்டத்தையும் சாதியையும் நீக்கிய திண்ணை அது.

சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவினர், வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் பெருகியதைக் கண்டு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வேண்டும் என்றனர். நூல்மொழியும் பேச்சு மொழியும் விலகி நிற்பதைப் பற்றி 1823இல் கேம்பல் கூறிய குறைக்கு 182 ஆண்டு கழித்து வந்த மறுமொழி என்றே இதனை நாம் கருதுகிறோம். செந்தமிழுக்கு இழிவு என்று சிலர் முகஞ்சுளித்தனர். ஆனால் பேசாத மொழியை எழுதப் பழகும் பிள்ளை கிளியாகவே முடியும். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டபின் தமிழையே போதனா மொழியாகக் கொண்ட பள்ளி அந்நகரில் இல்லை. தமிழ் ஒரு பாடமாக மட்டும் நிற்கும் ஊரில், அந்தப் பாடமேனும் வாயில் வழங்கும் மொழியாக இருக்க வேண்டாமா?

நம் நாட்டிலோ 1957இல் 880க்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடிகள் பட்டணம் சென்றபின், காட்டிலே நிற்கும் பள்ளியில் பிள்ளை இல்லை; பிள்ளை குடியேறிய இடத்தில் தமிழ்ப் பள்ளி இல்லை. இந்நிலையில் வகுப்பறையில் மின்திரை மாட்டுவதா, வாய்பாடு ஒப்பிக்கச் சொல்வதா என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சண்டையிடுவதைக் காணும்போது நமக்கு வருத்தமே மிகுகின்றது.

நமது துணிபு

மேற்கூறியவற்றால் நாம் முடிவாகக் கொள்வது இது. மணலில் விரலோட்டுதலும், மூத்தவன் சொல்லிக் கொடுத்தலும், பயனுள்ளதை நினைவில் இருத்தலும் நல்லன. அவற்றை மீட்டுக் கொள்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை. அடியும் சாதியும் பொருளறியா ஒப்புவிப்பும் தீயன. அவற்றைப் பழம்பெருமை என்னும் பட்டுத்துணியால் மூடி வைத்தல் கூடாது. அவ்வாறே புதுமுறை ஒவ்வொன்றும் வரும்போது, அதன் பெயரில் மயங்காமல் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். இப்பள்ளியில் யார் உட்கார இடமில்லை? சொல்லும் பாடத்தின் பொருள் பிள்ளைக்கு அவன் பேசும் மொழியில் விளங்குகிறதா? இங்கே படித்து முடித்தவன் அடுத்தபடி எங்கே போகலாம்?

இவற்றுள் மூன்றாவது கேள்வியையே நம்மவர் மிகக் குறைவாகக் கேட்கிறார்கள். திண்ணையைப் புகழ்வோரும் கேட்பதில்லை. திரையைப் புகழ்வோரும் கேட்பதில்லை. எனவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போகும் தோட்டத்துத் தாய்மாரும் பட்டணத்துத் தந்தையரும், சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அப்பிள்ளை இன்று எங்கிருக்கிறான், எங்கிருக்கிறாள் என்று எழுதச் செய்வார்களாக. வெற்றிடமாக நிற்கும் வரிகள் எத்தனையோ, அத்தனை வீடுகளுக்கு அந்த வாரத்திலேயே ஒருவர் போய்வர வேண்டும். எம்முறை சிறந்தது என்னும் வாதத்தை அதன்பின் தொடரலாம்.